கதைக்கு வாடகை

மாதச் சந்தா கேட்கும் ஆன்லைன் கேம்களைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு கணக்கு வந்து விழும். மாதம் 14.99 டாலர். நம்ம காசில் 1200 ரூபாய்க்கு மேல். மாதம் 60 மணி நேரம் ஆடுகிறேன், ஆக மணிக்கு 20 ரூபாய் சொச்சம். மல்டிபிளெக்ஸில் பாப்கார்ன் என்ன விலை தெரியுமா? அதோடு எதிராளி அடங்கிவிடுவார். பாப்கார்ன் விலையைச் சொல்லி ஜெயிக்க முடியாத வாதமே கிடையாது.

கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 60 மணி நேரம் கேம் எனக்குக் கொடுத்ததா, நான் கேமுக்குக் கொடுத்ததா? செலவுப் பக்கம் எழுத வேண்டியதை வரவுப் பக்கம் எழுதினால் எந்தக் கடையும் லாபத்தில்தான் ஓடும். இதே அளவுகோலை இலக்கியத்துக்கு வைத்துப் பாருங்கள். அசோகமித்திரன் சிறுகதை ஒன்று இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய டெலிபோன் டைரக்டரியை வருஷம் முழுக்கப் படிக்கலாம். மணிக்கணக்குப் பார்த்தால் டைரக்டரிதான் மலிவு.

எல்லா ஆன்லைன் கேம்களையும் நான் இங்கே இழுக்கவில்லை. சண்டைக்கும் போட்டிக்கும் ஆடுகிறவர்களின் கணக்கு வேறு. கதையைக் காட்டிச் சந்தா கேட்கும் கேம்கள் மட்டும்தான் என் வழக்கு. அதில் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்', 'ஃபைனல் ஃபேன்டஸி 14'. இரண்டையும் ரசித்து ஆடியிருக்கிறேன். ரசித்ததால்தான் எழுதுகிறேன். இந்தக் கேம்களின் கதை மாதச் சந்தாவை நியாயப்படுத்தவில்லை. விலை கூடுதல் என்பது என் புகார் இல்லை, அதைவிட மோசமான ஒன்று: மாதச் சந்தா என்கிற ஏற்பாடு அந்தக் கதையையே தின்றுவிடுகிறது.

ஓல்ட் ரிபப்ளிக்கில் இது எப்படி நடந்தது என்று பார்ப்போம். 2011 டிசம்பர் 20 அன்று பயோவேர் அதை வெளியிட்டது. அதற்கு ஐந்து நாள் முன்புதான் 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' என்கிற பழைய ஆன்லைன் கேமின் சர்வர்களை நிரந்தரமாக மூடியிருந்தார்கள். அதுவரை இந்த வகை கேம்களில் கதை என்றால் ஒரு பெட்டியில் நாலு வரி எழுத்து. பத்து ஓநாயைக் கொல், வா, காசு வாங்கிக்கொள். யாரும் அதைப் படிப்பதில்லை. ஓல்ட் ரிபப்ளிக்கில் வேலை கொடுக்கிற ஒவ்வொருவரும் வாய் திறந்து பேசினார்கள். எட்டு வகுப்புகள், எட்டு தனித்தனிக் கதைகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வசனங்களுக்குக் குரல். கின்னஸ்காரர்கள் சாதனைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

எண்ணிக்கையை விடுங்கள். அந்த எட்டில் 'இம்பீரியல் ஏஜென்ட்' கதை எந்த உளவு நாவலோடும் வைத்துப் பேசத் தக்கது. (ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) ஏஜென்ட்டின் சொந்த அரசாங்கமே அவர் மூளைக்குள் ஒரு கட்டுப்பாட்டைப் பதித்து வைக்கிறது. குறிப்பிட்ட சொல்லைச் சொன்னால் ஏஜென்ட் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். எதிரியின் உளவுப்படைக்குள் ஊடுருவப் போகிறார், அங்கே அவர்களுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு வசனத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள். ஏஜென்ட்டின் வாயிலிருந்து வேறு ஏதோ வரும். அதுவரை வசனத் தேர்வு என்பது ஆடுபவரின் உரிமை என்று பழக்கி வைத்துவிட்டு, அந்த உரிமையைப் பிடுங்கிக் காட்டுகிறார்கள். இதை நாவலில் செய்ய முடியாது, சினிமாவிலும் முடியாது. கேமில் மட்டும்தான் முடியும்.

ஆனால் கவனியுங்கள், இதில் மல்டிபிளேயர் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. பக்கத்தில் ஆயிரம் பேர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், ஏஜென்ட்டின் கதைக்குள் அவர்களுக்கு வேலையே கிடையாது. கதையும் கூட்டமும் உண்மையிலேயே சந்தித்த இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் நல்ல இடம் ஆரம்பத்திலேயே வரும் 'பிளாக் டேலன்' கப்பல். உத்தரவை மீறிய கேப்டனைக் கொல்வதா விடுவதா என்று குழுவில் இருக்கிற ஒவ்வொருவரும் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு பகடை உருளும், அதிக எண் விழுந்தவர் சொன்னது நடக்கும். நான் விடச் சொன்னேன், கூட ஆடிய நண்பனுக்குப் பகடை விழுந்தது, கேப்டன் செத்தார். எனக்கு நல்லவன் புள்ளி மட்டும் தனியாகக் கிடைத்தது. நல்லது நினைத்ததற்குப் புள்ளி உண்டு, செத்தவர் செத்தவர்தான். குழுவாக வாழ்வது பற்றி இதைவிட நேர்மையான காட்சியை நான் வேறு கேமில் பார்த்ததில்லை. இந்த ஒரு யோசனையை வளர்த்திருந்தால் மல்டிபிளேயர் கதைசொல்லல் என்று ஒரு புது வடிவமே உருவாகியிருக்கும். வளர்க்கவில்லை.

அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. 2012 தொடக்கத்தில் 17 லட்சம் சந்தாதாரர்கள் என்று அறிவித்தார்கள். மே மாதம் 13 லட்சம். அதே ஆண்டு நவம்பரில், முதல் பிறந்தநாளுக்கு முன்பே, கேம் இலவசமாகிவிட்டது. கடைசி லெவலுக்கு வந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை, அதனால்தான் போய்விட்டார்கள் என்று அன்றைக்கு எல்லோரும் விமர்சித்தார்கள். எனக்கு அது விசித்திரமான குற்றச்சாட்டாகப் படுகிறது. கதைக்காக வந்தவர்கள் கதை முடிந்ததும் கிளம்பினார்கள். நாவல் வாங்கியவர் கடைசிப் பக்கம் படித்து மூடி வைத்தால் பதிப்பாளர் அழுவாரா? இந்த வியாபாரத்தில் மட்டும் அழ வேண்டியிருக்கிறது. எட்டுக் கதைகளுக்கும் முடிவு எழுதியதுதான் பயோவேர் எழுத்தாளர்கள் செய்த நல்ல காரியம். சந்தாக் கணக்கில் அதுவே நஷ்டமாகப் பதிவானது.

இங்கே ஒருவர் கை தூக்குவார்: தொடர்கதை மட்டும் என்னவாம்? நம் பாட்டிகள் வாராவாரம் காசு கொடுத்துத்தானே 'பொன்னியின் செல்வன்' படித்தார்கள்? கொடுத்தார்கள். கொடுத்த காசுக்கு அந்த வாரம் ஒரு புது அத்தியாயம் வந்தது. வந்த தாள் வீட்டிலேயே இருந்தது. கிழித்து எடுத்து, பைண்டு பண்ணி, ஓவியத்தோடு பெட்டிக்குள் வைத்து, பேத்தி வரைக்கும் போனது. அடுத்த வாரம் பத்திரிகை வாங்காவிட்டால் போன வார அத்தியாயத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு போக ஏஜென்ட் வீட்டுக்கு வரவில்லை. (பத்திரிகை ஏஜென்ட்டைச் சொல்கிறேன்.) தொடர்கதையில் விலை போனது புதுச் சரக்கு. கேம் சந்தாவில் விலை போவது ஏற்கெனவே எழுதி முடித்த கதையின் கதவுச் சாவி.

அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்றால் பிரச்சினை தீர்ந்ததா? ஓல்ட் ரிபப்ளிக் இலவசமானபோது எட்டு வகுப்புக் கதைகளும் லெவல் 50 வரை முழுதாகக் கிடைத்தன. ஆக, கதையின் மாத விலை பூஜ்யம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டாயிற்று. பிறகு சந்தா எதற்கு? அங்கேதான் அசிங்கம் ஆரம்பிக்கிறது. இலவசமாக ஆடுகிறவருக்குத் திறன்களை வைக்கும் குறுக்குப் பட்டைகள் இரண்டே இரண்டு. தலைக்கவசத்தை மறைத்து முகத்தைக் காட்ட வேண்டுமா, அதற்குத் தனியாக வாங்கு. கேமுக்குள் சம்பாதிக்கும் பணத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் சம்பாதித்தது உங்கள் பெயரிலேயே ஒரு பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும், எடுக்க வேண்டுமானால் காசு. பட்டைகளைப் பின்னாளில் கூட்டினார்கள், வரம்பையும் உயர்த்தினார்கள். பூட்டு போகவில்லை.

பிழைப்புக்குக் கோடு எழுதுகிறவன் என்கிற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். தலைக்கவசத்தை மறைக்கும் வசதி எல்லோருக்கும் ஒரே புரோகிராமில்தான் இருக்கிறது. அதைச் செய்து முடித்த பிறகு, 'இவர் சந்தாதாரரா?' என்று ஒரு வரி கூடுதலாக எழுதித் தடுக்கிறார்கள். தடுப்பதற்குத்தான் வேலை செலவாகியிருக்கிறது, கொடுப்பதற்கு இல்லை. இப்படிப்பட்ட வரிகளை எங்கள் துறையில் எல்லோரும் எழுதுகிறோம். சம்பளம் வருகிறது, எழுதுகிறோம். ஆனால் அதை வாங்குகிறவர் 'கதைக்காகக் காசு கொடுக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு திரிவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. செருப்புக்குள் கல்லைப் போட்டவனே கல் எடுக்கக் கூலி கேட்கிறான், நாம் அதை நடைப்பயணச் செலவு என்று எழுதி வைக்கிறோம்.

கதைக்கு நேர்ந்ததற்கு வருகிறேன். ஏஜென்ட் கதையின் முடிவில் ஒரு தேர்வு உண்டு. 'பிளாக் கோடெக்ஸ்' என்ற கருவியை வைத்து, தன்னைப் பற்றிய எல்லாப் பதிவுகளையும் அழித்துவிட்டு, எந்த அரசுக்கும் கட்டுப்படாதவராகக் காணாமல் போகலாம். மூளையைக் கூட அடகு வைத்த ஒருவர் கடைசியில் தன் பெயரை அழித்து விடுதலையாகிறார். முடிவென்றால் அதுதான் முடிவு. 2013இல் முதல் விரிவாக்கம் வந்தது. பேரரசின் மூத்த தலைவர் ஒருவர் மகேப் என்கிற கிரகத்துக்கு வேலையாகப் போகச் சொல்லி அழைக்கிறார். யாரை? இல்லாமல் போன அதே ஏஜென்ட்டை. அவரும் போகிறார். அழித்ததற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் அடுத்த மாதம் எதை விற்பது?

எட்டுக் கதைகளைத் தொடர்ந்து எழுதுவது கட்டுப்படியாகாது என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. எட்டு வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் ஆண் குரல், பெண் குரல், நல்ல வழி, கெட்ட வழி. யார் திட்டம் போட்டாலும் தலை சுற்றும். ஆகவே எட்டை இரண்டாக்கினார்கள், பேரரசுக்கு ஒன்று, குடியரசுக்கு ஒன்று. 2015 அக்டோபரில் 'நைட்ஸ் ஆஃப் தி ஃபாலன் எம்பயர்' வந்தபோது இரண்டும் ஒன்றானது. உளவாளி, கடத்தல்காரர், ஜெடை, சித் எல்லோரும் ஒரே 'அவுட்லேண்டர்'. எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே எதிரி. அது பெரும்பாலும் தனியாகவே ஆடும் கதை வேறு. 2016இல் மாதம் ஒரு அத்தியாயம் என்று தொடர்கதை போலவே விட்டார்கள். மோசமான கதை என்று சொல்ல மாட்டேன், சில அத்தியாயங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் எதைக் காட்டி முதலில் காசு கேட்டார்களோ, அந்த எட்டுத் தனி வாழ்க்கைகள், அது போய்விட்டது. வாடகை முடியக் கூடாது, ஆகவே கதை முடியக் கூடாது. முடியாத கதையை எட்டு விதமாக எழுத யாரிடமும் காசில்லை, ஆகவே எல்லோருக்கும் ஒரே கதை.

சர்வருக்குச் செலவாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும். நள்ளிரவில் போன் அடித்து எழுந்து சர்வரை நிமிர்த்துகிற வேலையின் அருமை எனக்குத் தெரியும், அதை யாரும் இலவசமாகச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் 'கில்ட் வார்ஸ்' 2005இலேயே மாதச் சந்தா இல்லாமல் வந்தது, 2012இல் வந்த அதன் இரண்டாம் பாகமும் அப்படித்தான். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' 2014இல் கட்டாயச் சந்தாவோடு வந்து, ஒரே ஆண்டில் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. சர்வர் ஓட ஒரே வழி சந்தாதான் என்று இனிமேல் சொல்ல முடியாது.

சரி, ஃபைனல் ஃபேன்டஸி 14. இதன் ரசிகர்களிடம் வாதாடுவது கஷ்டம், ஏனென்றால் அவர்கள் பக்கம் உண்மை நிறைய இருக்கிறது. 2010இல் வந்த முதல் வடிவம் படுதோல்வி. ஸ்கொயர் எனிக்ஸ் அப்போது சந்தா வாங்குவதை நிறுத்திவைத்தது, நவோகி யோஷிதாவிடம் பொறுப்பைக் கொடுத்தது, பழைய உலகத்தைக் கதைக்குள்ளேயே அழித்து, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டி எழுப்பியது. தோற்றதை ஒப்புக்கொண்டு இப்படி எழுந்த நிறுவனங்கள் குறைவு. 2019இல் வந்த 'ஷேடோபிரிங்கர்ஸ்' கதையைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப்போவதில்லை. அதன் வில்லன் எமெட்-செல்க் பேசும்போது எதிர்த்து நிற்க வேண்டிய நானே பல தடவை தலையாட்டியிருக்கிறேன்.

ஆனால் இந்தக் கேமின் இலவசச் சோதனைப் பதிப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் கேம், 'ஹெவன்ஸ்வர்ட்', 'ஸ்டார்ம்பிளட்' எல்லாம் லெவல் 70 வரை இலவசம், கால வரம்பு கிடையாது. சில நூறு மணி நேரக் கதை. எதைத் தடுத்திருக்கிறார்கள்? சந்தைப் பலகையில் வாங்க விற்க முடியாது. கில்டில் சேர முடியாது. ஒருவருக்குத் தனியாகச் செய்தி அனுப்ப முடியாது. குழு அமைக்க முடியாது. கதை இலவசம், மனிதர்களுக்குக் காசு. எதற்குச் சந்தா என்று நிறுவனமே கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. ரசிகர்கள்தான் கதைக்கு என்று அடம்பிடிக்கிறார்கள்.

காசு கொடுக்க ஆரம்பித்த பிறகு கதையின் விலை என்னவென்று பார்க்கலாம். பெரிய பேட்ச்களுக்கு நடுவே இப்போது சுமார் நான்கு மாத இடைவெளி. ஒவ்வொன்றிலும் முதன்மைக் கதை சில மணி நேரம், ஒரு வார இறுதிக்குத் தாங்கும். நான்கு மாதச் சந்தா 60 டாலர், அதாவது ஒரு முழுப் புது கேமின் விலை. விரிவாக்கத்துக்கு அது போகத் தனிக் காசு. இடையில் நிறுத்திவிட்டு வேறு கேம் ஆடுங்கள், பேட்ச் வந்ததும் வாருங்கள் என்று யோஷிதாவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார், ரசிகர்கள் அதைப் பெருமையாக எடுத்துக்காட்டுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் அதே கேமில் நீங்கள் வாங்கிய வீட்டுக்குள் 45 நாள் காலெடுத்து வைக்காவிட்டால் வீட்டை இடித்துவிடுவார்கள். மனைகள் குறைவு, குலுக்கலில்தான் கிடைக்கும், போனால் மறுபடி கிடைப்பது அதிர்ஷ்டம். பேரிடர்க் காலங்களில் இடிப்பதை நிறுத்திவைப்பதும் உண்டு, மறுக்கவில்லை. மற்ற நாளில், போய்விட்டு வா என்று வாசலில் நின்று வழியனுப்புகிறவரே பின்பக்கம் புல்டோசரையும் நிறுத்தி வைத்திருக்கிறார்.

நீளம் இன்னொரு விஷயம். 2013 கேமுக்கும் ஹெவன்ஸ்வர்டுக்கும் நடுவில் வந்த பேட்ச் கதைகளில், இந்த ஆளிடம் போய்க் கேள், அந்த ஆளிடம் திரும்பி வந்து சொல் என்று ஓட விடுவார்கள். டெலிபோர்ட் பண்ணிப் பண்ணியே கைக்காசு கரையும். 2020 ஆகஸ்டில் அந்தப் பழைய பகுதியிலிருந்து நிறைய வேலைகளை வெட்டி எறிந்தார்கள். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை, தெளிவாகத்தான் ஆனது. அப்படியானால் வெட்டியெறிந்ததெல்லாம் யாருக்காக எழுதப்பட்டது? மாதம் நிரம்ப வேண்டுமே என்கிற கவலையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போவது நியாயமில்லை. இந்தக் கேமில் கதையில் முன்னேற டஞ்சனுக்குள் போக வேண்டும், டஞ்சனுக்கு நாலு பேர் வேண்டும். புதிதாக வந்தவர் குழுவில் இருந்தால் மற்றவர்களுக்குக் கூடுதல் பரிசு. பழையவர்கள் திரும்பத் திரும்பப் பழைய டஞ்சனுக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் முதல்முறை பார்க்கிற காட்சியை மூன்று பேர் பொறுமையாகக் காத்திருந்து பார்க்க விடுகிறார்கள். அவர்கள் கட்டுகிற சந்தாவில்தான் உங்கள் கதை உயிரோடு இருக்கிறது. அழகான வாதம். 2022 வரை ஏறக்குறைய உண்மையும்கூட. அதன் பிறகு, முதன்மைக் கதையின் டஞ்சன்களை ஒவ்வொன்றாக, மனிதர்களே இல்லாமல் கணினிப் பாத்திரங்களோடு முடிக்கும் வசதியைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். பலருக்கு அது வசதி, வெட்கப்படுகிறவர்களுக்கு ஆறுதல், நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் கதைக்குக் கூட்டம் தேவை என்ற கடைசிச் சாட்சியை நிறுவனமே கூண்டிலிருந்து இறக்கி அனுப்பிவிட்டது.

2021 டிசம்பரில் 'எண்ட்வாக்கர்' வந்தபோது உள்ளே நுழைய மணிக்கணக்கில் வரிசை. முதலில் 7 நாள், பிறகு 14 நாள் என்று இலவச நாட்கள் கொடுத்தார்கள். புதிதாக விற்பதையே சில வாரங்கள் நிறுத்தினார்கள். கண்ணியமான செயல், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஈடு செய்தது எதற்கு? கதை ஒரு வரி குறையவில்லை. வாசல் அடைத்துக்கொண்டது, அதற்குத்தான் நாட்களைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆகவே வாசலுக்கும் கூடத்துக்கும் காசு கொடுக்கிறீர்கள் என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. சனிக்கிழமை ராத்திரி எட்டுப் பேர் கூடி, இந்தியாவில் சர்வர் இல்லாததால் வெளிநாட்டு சர்வரில் திணறித் திணறி, ஒரே பாஸிடம் பதினேழாவது தடவை செத்து, யார் மேல் தப்பு என்று சண்டை போட்டு, மறுபடி எழுந்து நிற்பதற்கு 1200 ரூபாய் கொடுக்கலாம். டீக்கடை பெஞ்சுக்கு நாம் மறைமுகமாகக் கொடுப்பதில்லையா, அப்படி. அந்தக் காசு அந்த மாதத்தோடு தீர்ந்துபோவதும் நியாயம்தான், அந்தச் சனிக்கிழமையும் தீர்ந்துபோகிறது. கதை அப்படித் தீர்வதில்லை. இரண்டையும் ஒரே பில்லில் போட்டு, கதையின் பெயரால் வாங்குவதைத்தான் சகிக்க முடியவில்லை.

இனி ஆட நினைப்பவர்களுக்கு. ஃபைனல் ஃபேன்டஸியை இலவசப் பதிப்பிலேயே ஆடுங்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள், ஒரு தடவை வாங்கிவிட்டால் அந்தக் கணக்கில் இலவசப் பதிப்புக்குத் திரும்ப முடியாது. ஸ்டார்ம்பிளட் முடிந்து, அதற்கு மேலும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கி, ஒன்றிரண்டு மாதம் கட்டி, ஷேடோபிரிங்கர்ஸை முடித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வீடு மட்டும் வாங்க வேண்டாம். ஓல்ட் ரிபப்ளிக்கில் வகுப்புக் கதைகளுக்குக் காசே வேண்டாம். பிந்தைய விரிவாக்கங்கள் வேண்டுமென்றால் ஒரே ஒரு மாதம் கட்டினால் போதும், அதுவரை வந்தவை உங்கள் கணக்கிலேயே தங்கிவிடும். கட்டிய அன்றைக்கே தானியங்கிப் புதுப்பிப்பை ரத்து செய்துவிடுங்கள். ஏஜென்ட் வகுப்பை எடுங்கள். மூன்றாம் அத்தியாயம் முடிந்து, பெயரையும் அழித்த பிறகு, மகேபுக்கு வரச் சொல்லி ஒரு அழைப்பு வரும். எடுக்காதீர்கள்.